வாரியல்

குறும்பனைத் தூண்டில்வளைவின் நுனியில்
காங்கிரீட் காயாத காலையில்
பிறீடா கீல் டப்பாவைப் பிடித்துக்கொள்ள
ஈர்க்கில் வாரியலால் நான் எழுதியது இவ்வளவுதான்:

எங்கள் ஆட்கள் மேற்கே

ஒவ்வொரு எழுத்தும் ஓராள் நீளம்.
ஹெலிகாப்டர்காரன் வாசிக்க வேண்டுமே.
அவனுக்குத் தமிழ் தெரியுமா என்று
அப்போது தோன்றவில்லை.

இரண்டு சுற்று சுற்றிவிட்டு
அது மேற்கே போனது.
வாசித்தானோ, காற்றுதான் திருப்பியதோ.
ஏழு பேரில் ஐந்து பேர் வந்தார்கள்.

பிறகு ஒருநாள் கருங்கலில், ஃப்ளெக்ஸ் கடையில்,
கலியாணமும் சாவும் இல்லாத ஒரு மதியம்,
ஃபோனில் கிடந்த படத்தைப் பெரிதாக்கினேன்.
ஈர்க்கில் பிரிந்த இடமெல்லாம் வெள்ளைக் கீறல்.
ள-வின் வயிற்றில் யாருடையதோ செருப்புத் தடம்.
ஐந்து புள்ளிகளில் ஒன்று நான் வைத்ததே இல்லை,
டப்பாவிலிருந்து சொட்டியது.
அப்படியே வரைந்தெடுத்தேன்.

கையில் இருந்தவை
எட்டு எழுத்து, ஓர் ஏகாரக் கொம்பு, புள்ளி.
யாரும் தனியாக எழுதாத ங இருந்தது,
ர இல்லை.
கடல் என்று எழுத ல் இல்லை.
மகள் எழுதலாம்.
மகன் முடியாது.
மற என்று எழுதலாம்,
நினை என்பதற்கு ஒன்றுமே இல்லை.

மீதியை இட்டுக்கட்டத்தான் வேண்டும்.
மொட்டைமாடி, புது வாரியல், புதுக் கீல்.
முதல் ப பள்ளிக்கூடத்துப் ப-வாக வந்து நின்றது,
கைகட்டிக்கொண்டு.
அவசரமில்லாத கை
அழகாக எழுதித் தொலைக்கிறது.
படியிறங்கி ஓடி, திரும்ப ஏறி,
மூச்சு நிற்பதற்குள் ஒரே இழுப்பு.
ஞ-வுக்கு மட்டும் நாலு தடவை ஓடினேன்.
கீழ்வீட்டு வறுவேல் வெளியே வந்து
"யாருக்கு என்னவாக்கும்?" என்றார்.
எழுத்துக்கு, என்றேன்.

விற்றுவிட்டேன். மார்த்தாண்டத்துச் சிப்ஸ் கம்பெனி.
"நல்ல வெயிட்டா இருக்கு,
ஓரத்த மட்டும் கொஞ்சம் கிளீன் பண்ணலாமா?"
முடியாது என்றேன்.
எப்படியோ சரி என்றார்கள்.
கம்ப்யூட்டர் கடன் அடைந்தது.

நேற்று பிறீடா ஒரு பாக்கெட்டோடு வந்தாள்.
மஞ்சள் தாளில் கறுப்பாக, தடியாக,
நேந்திரங்காய் சிப்ஸ்.
கடித்துக்கொண்டே விரல் வைத்துத் தேடினாள்.
"இந்த ங் அன்னைக்குள்ளதுல்லா?"
ஆமாம்.
"இந்தக் கொம்பும்?"
ஆமாம்.
"மத்ததெல்லாம்?"
ஓடினது.

சிறிது நேரம் மென்றாள்.
"ன எங்க?"

பாக்கெட்டில் ன இல்லை.
ஃபோனைத் திறந்து காட்டினேன்,
ஜெபினின் கடைசி எழுத்தை.
இரண்டு சுழி முடிந்து கால் இறங்குகிற இடத்தில்
ஈர்க்கில் ஒன்று தனியே விலகிப் போயிருக்கிறது.

"இதுக்கும் ஓடினியாக்கும்?"

இல்லை.
இது உட்கார்ந்தபோது வந்தது.

பாக்கெட்டை எழுத்து மடங்காமல் மடித்து
கடைசித் துண்டை என்னிடம் நீட்டினாள்.
உப்பு கொஞ்சம் கூடுதல்.