ஒரே டியூப்

அண்டி ஆபீசிலிருந்து நான் கொண்டுவந்தது விரல்களில் இருந்தது.
அவருக்கு முழங்கையில், முதுகில்,
மீன் செதிள்போல வெள்ளையாய்;
சுரண்டினால் அடியில் ஊசிமுனை ஊசிமுனையாய் ரத்தம்.
வீட்டில் ரெண்டு சொறிச்சல்,
ஒரே டியூப்.
கருங்கல் மெடிக்கலில் சீட்டில்லாமல் தருவது.
அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி
ஈஸ்டருக்குள் நாலு தீர்த்தோம்.
கன்னத்திலும் கொஞ்சம் போட்டேன், வெளுக்கட்டும் என்று.
வெளுத்தது.
பிறகு வெயில் பட்டாலே தீ.

ஆசாரிப்பள்ளத்தில் டோக்கன் எழுபத்தொன்று.
டாக்டரம்மா முகத்தைப் பார்க்கவில்லை முதலில்.
கையைத் திருப்பினார்.
கருத்து வெடித்த ரேகைகளை விளக்குக்குக் காட்டி
"ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும்?" என்றார்.
பதினாறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.
யோசித்தால், கிறிஸ்துமஸ் லீவு பத்து நாளும்
நான் நன்றாய்த் தூங்கியிருக்கிறேன்.

"உங்களுக்கு அண்டித்தோட்டு எண்ணெய். வெளியேயிருந்து வருது.
அவருக்கு உள்ளேயிருந்து.
ரெண்டும் சிவக்கும், ரெண்டும் அரிக்கும்,
அதுக்காக ஒண்ணாயிடுமா?"
முகத்துக்கு இனி அந்த டியூப் ஆகாது.
கைக்கு வேறே மருந்து, விரல்நுனியிலிருந்து முதல் மடக்குவரை ஒரு பிதுக்கு,
ரெண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும்.
குளித்த ஈரம் காயுமுன் எண்ணெய்.
உள்ளே பருத்தி உறை, மேலே ரப்பர் உறை.

உறை போட்ட கை எட்டுக் கிலோவில் நிற்கும் அம்மா,
வெறுங்கை பத்து.
கூலி கிலோவுக்கு.
அவர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.
அந்த ரெண்டு கிலோவுக்குச் சீட்டில் இடமில்லை.

"யேசுவடியான்" என்று அடுத்துக் கூப்பிட்டார்கள்.
மாத்திரை, களிம்பு, ரத்தப் பரிசோதனை எல்லாம் எழுதிய பிறகும்
அவர் எழும்பவில்லை.
முக்குக் கடையில் இவருக்கென்று ஒரு கிளாஸ்
தனியாய்க் கவிழ்ந்து கிடக்கிறது, மூணு வருஷமாய்.
"ஒரு வார்த்தை மட்டும் பெரிசா எழுதித் தருவேளா டாக்டர்?"
எழுதினார்.
தொற்றாது.
கீழே கையெழுத்து, வட்ட சீல்.

தக்கலையில் பஸ் மாறும்போது லேமினேட் பண்ணினார்.
சட்டைப்பையில் கிடக்கிறது,
இன்னும் ஒருத்தரிடமும் நீட்டவில்லை.
தேயிலை வீட்டிலேயே குடிக்கிறார்.

ராத்திரி அவருக்கு எட்டாத முதுகில்
நான்தான் களிம்பு போடுகிறேன்.
செதிள் மெலிந்து வருகிறது, அடியில் இளஞ்சிவப்பு.
என் விரலின் வெடிப்பு அங்கே உரசும்போது
"பையப் போடு" என்பார்.

உறை வாங்கினேன். பாதி நாள் போடுகிறேன்.
ஒன்பது கிலோ.
ஞாயிறு விடிந்தால்
கோயில் மணிக்கு முன்பு
கையைத் திருப்பிப் பார்க்கிறேன்.