தலையெழுத்து

தொலுகா சந்தையில்
இறந்தவர் திருநாள் முடியும்வரை
என் விரலெல்லாம் சர்க்கரை.
சர்க்கரையில் வார்த்த மண்டையோடுகளுக்கு
நெற்றியில் பெயர் எழுதுகிறேன்.
விரலை நக்கக் கூடாது.

முன்பு நக்குவேன். யார் பார்த்தார்கள்?
மீட்டர் பார்த்தது: இருநூற்று எண்பத்தாறு.

நாலு மணியானால் நாக்கு
கடன் கொடுத்தவன் மாதிரி வந்து நிற்கும்.
ஹிக்காமாக் கிழங்கைச் சீவி
எலுமிச்சை பிழிந்து மிளகாய்த்தூள் தூவுவேன்.
ஊசி குத்திய விரலில் சாறு இறங்கி
சுரீரென்று எரியும்.
அந்த எரிச்சலில் கொஞ்சம் மறந்துபோகும்.
கொஞ்சம்தான்.

இன்று ஒருவர் வந்து
'ஒர்தென்சியா' என்று எழுதச் சொன்னார்.
மனைவியாம், மார்ச்சில் போனவள்.
என் பெயரும் அதுதான்; சொல்லவில்லை.
ஊதா நிறத்தில் எழுதிக் கொடுத்து
சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் எழுந்துபோய்
சோப்புப் போட்டுக் கை கழுவினேன்,
இரண்டு தடவை.