குடை பிடிப்பவன்

அப்பா ஹிஸ்கியாஸ் நடந்தால் நடப்பேன்
அரையடி பின்னால்.
அவர் நின்றால் நிற்பேன்.
பொற்குஞ்சம் தொங்கும் சிவப்பு வெல்வெட் குடை
நனைந்துவிட்டால் ஓர் ஆட்டுக்குட்டி கனம்.
பதினொரு வருடத்தில் என் வலது தோள்
இடதைவிடத் தாழ்ந்துபோயிற்று.
பணிவென்று நினைத்துக்கொள்கிறது ஊர்.

மெஸ்கல் திருநாளுக்கு முந்தைய மாலை.
தானா ஏரிக்கரைத் திடலில்
யூகலிப்டஸ் கழிகளைக் கூம்பாக நிறுத்தி
நடுக்கம்பத்தின் உச்சியில்
மஞ்சள் பூவும் சிலுவையும் கட்டியாயிற்று.
இனி நெருப்பு வைக்க வேண்டியதுதான்.

யார் வைப்பது?

மேல்மடம் எங்களுடையது.
கீழ்மடம் அப்பா செராப்ருக்குடையது.
முதல் பந்தம் எங்களுக்கே என்று
எங்களிடம் ஒரு தோல்சுவடி இருக்கிறது.
அவர்களிடம் அதைவிடப் பழைய தோல்சுவடி.
இரண்டிலும் மை வாசனை இன்னும் போகவில்லை.

போன வருடம் முந்திக்கொண்டது நீங்கள் என்றார் இவர்.
அதற்கு முந்தின வருடம் என்றார் அவர்.
அதற்கு முந்தின, அதற்கும் முந்தின என்று
அரசர்கள், பஞ்சங்கள், போர்கள் எல்லாம் தாண்டிப்
பின்னோக்கிப் போய்க்கொண்டேயிருந்தார்கள்.
இன்னும் கொஞ்சம் போயிருந்தால்
கல்வாரியே வந்திருக்கும்.
அதற்குள் மழை வந்துவிட்டது.

இரண்டு குடைகள். அடியில் இரண்டு பேர்
நனையாமல் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.
வெள்ளைத் துணி போர்த்திய முந்நூறு பேர் நனைந்தோம்.
எதிரே கீழ்மடத்துக் குடையைப் பிடித்திருந்தவன் கெப்ரு.
அவனுக்கு இடது தோள் தாழ்ந்திருந்தது.
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்,
கண்ணாடியைப் பார்ப்பதுபோல.

அப்போதுதான் தோன்றியது.
ஆண்டவர் இங்கே வந்திருந்தால்
எங்கே நின்றிருப்பார்?
குடைக்குள் இடமில்லை.
ஒரு தலைக்கென்றே தைத்த குடை அது.
அவரோ இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு
மீனவர்களின் கால்களைக் கழுவியவர்.
துண்டை இடுப்பில் கட்டியவரை
எங்கள் மடத்து வாசலில்
சமையல்கட்டுப் பக்கமாகப் போகச் சொல்வார்கள்.

திடலோரத்தில் காப்பி விற்கும் வொர்க்னேஷ்
மகளை முதுகில் கட்டியிருந்தாள்.
குழந்தையின் பற்கள் தந்தியடித்தன.
"இவங்க முடிக்கமாட்டாங்க" என்றாள், யாரிடமோ.
ஜெபனாவை இறக்கி வைத்தாள்.
அடுப்புக் கங்குகளை ஓட்டில் அள்ளி
முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு
கழிகளுக்கிடையே குனிந்து நுழைந்தாள்.
உள்ளே நனையாத சருகு கிடந்திருக்க வேண்டும்.
ஊதினாள். இருமினாள். திரும்பவும் ஊதினாள்.
நான் பார்த்தேன். கெப்ருவும் பார்த்தான்.
எங்கள் இருவர் கையிலும் குடை இருந்ததால்
சுட்டிக்காட்ட விரல் இல்லை.

புகை முதலில். பிறகு ஒரு மஞ்சள் நாக்கு.
மேல்மடத்துத் தீக்கனார்கள் வைத்த தீ என்று
அப்பா ஹிஸ்கியாஸ் கையைத் தூக்கி ஆசீர்வதித்தார்.
அதே கணத்தில் அப்பா செராப்ருக்கும்.
முரசு கொட்டியது. பெண்கள் குலவையிட்டார்கள்.
அடுப்பில் கங்கு போதாமல்
வொர்க்னேஷின் காப்பி ஆறிப்போயிருந்தது.
அதையே இரண்டு பேருக்கு விற்றாள்.

கம்பம் சாயும் திசையில்
அந்த வருடத்து அருள் போகும் என்பது நம்பிக்கை.
வடக்கே மேல்மடம். தெற்கே கீழ்மடம்.
நெடுநேரம் தள்ளாடியது கம்பம்.
பிறகு கிழக்கே,
கழுதைகளைக் கட்டியிருந்த இடத்துக்கும்
கைவிரல்கள் இல்லாத மனிதர்கள்
தட்டேந்தி உட்கார்ந்திருந்த வரிசைக்கும் நடுவில்
பொறி பறக்க விழுந்தது.
ஒரு கழுதை கத்தியது.
அந்த வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
பிறகு எல்லோரும்
நெருப்புப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து
முழங்கைகளை நீட்டிக் குளிர்காய்ந்தார்கள்.

மழை விட்டிருந்தது.
மேட்டுப் பாதையில் திரும்புகையில்
அப்பா ஹிஸ்கியாஸ் கேட்டார்,
தலையைத் திருப்பாமலே:
"எந்தப் பக்கம் விழுந்தது? வடக்குதானே?"

"சரியாகத் தெரியவில்லை, அப்பா" என்றேன்.
"குடை மறைத்துவிட்டது."