இருபத்திரண்டு வெள்ளி

அப்பர் வெல்ட் சாலையில் ஒரு சலவைக்கடை.
மூன்றாண்டுக் குத்தகை, மாதம் நாலாயிரத்து இருநூறு.
கடைக்காரி இல்லை, கட்டடக்காரியின்
வழக்கறிஞரிடம்தான் எனக்கு வேலை.
ஆங்கிலத்தில் மறுப்பை அடிப்பேன்,
அதையே தொலைபேசியில் தமிழில் மறுப்பேன்.
இரண்டுக்கும் ஒரே சம்பளம்.

பிரிவு ஒன்பது, இரண்டாம் பத்தி:
தீக்காப்புறுதி பிரீமியம்
ஆண்டுக்கு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது,
வாடகையோடு சேர்த்துத் தரப்படும்.
அந்தச் 'சேர்த்து'வில்தான்
பற்றிக்கொண்டது.

சேர்த்துத் தந்தால் அதுவும் வாடகை,
வாடகை என்றால் அதற்கும் முத்திரை வரி.
இது எங்கள் கடிதம்.
ஜுனைதா அக்காவின் குரலுக்குப் பின்னால் நீராவி சீறுகிறது:
"சுவர் அவங்களோடது.
எரிஞ்சா வர்ற காசும் அவங்களோடது.
அவங்க சுவத்துக்கு நான் வாங்கிக் குடுக்குற குடை
எனக்கு எப்படிம்மா வாடகையாகும்?"

ஆங்கிலத்தில் எழுதும்போது
குடையை விட்டுவிட்டேன்.
அதற்குப் பத்தி எண் இல்லை.

திருமதி குவெக் நேரில் வந்தார்,
ஆரஞ்சுப் பழங்கள் ஒரு பையில், கோப்பு ஒரு பையில்.
நீராவிப் பெட்டிகள் மூன்றும் இல்லையென்றால்
பிரீமியம் பாதிதான் என்றார்.
எதிர்வரிசை மெத்தைக்கடை எரிந்த இரவு
தெருவில் வாளியோடு நின்றவராம்.
மறுநாள் வாங்கிய காப்புறுதியை
ஓராண்டும் விட்டதில்லை.
வரி குறைந்த தாள்
நீதிமன்றத்தில் வாய் திறக்காது என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
ஊமைத் தாளோடு தனியாக நிற்க
அவருக்குப் பயம்.

காப்புறுதி நிறுவனம் மட்டும் நிதானமாக இருந்தது.
சூடேற்றும் வேலையில் இருக்கும்போது
கருகும் பொருளுக்குப் பாதுகாப்பு இல்லை,
பக்கம் பதினேழைப் பார்க்கவும் என்று
மூன்று வரி மின்னஞ்சல்.
பார்த்தேன். இல்லைதான்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பது, மூன்று ஆண்டு,
நூற்றுக்கு நாற்பது காசு.
இருபத்திரண்டு வெள்ளி எட்டுக் காசு.
பதினோரு சட்டை, என்றார் அக்கா,
கணிப்பான் இல்லாமல்.
எங்கள் கடிதம் ஒன்றுக்கே எண்பது வெள்ளி,
அது இதுவரை நான்கு.
"சுண்டைக்காய் கால்பணம்,
சுமைகூலி முக்கால்பணம்னு
உங்க முதலாளிக்கு மொழிபெயர்த்துச் சொல்லும்மா."
சொல்லவில்லை.
சுமைகூலியில்தான் என் ஃபிளாட்டின் தவணை நடக்கிறது.
அந்த ஃபிளாட்டுக்கும் ஒரு தீக்காப்புறுதி உண்டு,
படிக்காமல் கையெழுத்திட்டது.

பதினான்காம் நாள், மாலை ஐந்தே கால்.
காலக்கெடு தாண்டினால் அபராதம்.
நாக்கில் நனைத்து ஒட்டும் முத்திரை இப்போது இல்லை,
திரையில் ஒரு கட்டம்: மொத்த வாடகை.
பக்கத்தில் ஏன் என்று எழுத
இடம் விடவில்லை.
"போட்டுத் தொலை," என்றது தொலைபேசி,
"எனக்குத் துணி காயுது."
பிரீமியத்தையும் கூட்டிப் போட்டேன்.
அறுநூற்று இருபத்தாறு வெள்ளி எண்பத்தெட்டுக் காசு.
பொத்தானை அழுத்தியதும்
காசையெல்லாம் அதுவே உதறிவிட்டு
முழு வெள்ளியில் நின்றது.
யாரும் கடிதம் போடாமலே
எண்பத்தெட்டுக் காசை
ஒருவர் விட்டுக்கொடுத்த நாள் அது.

சான்றிதழைக் கொடுக்க நானே போனேன்,
என் பட்டுப் புடவை ஒன்றும் கையில்.
அக்கா தாளைப் படிக்காமல்
உடை மாட்டும் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டார்.
ஆவி பட்டு ஓரம் சுருளத் தொடங்கியது.
புடவையை விளக்கடியில் விரித்து,
சரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்து,
ரசீது கிழித்துத் தந்தார்.

பேருந்து நிறுத்தத்தில்
அதைத் திருப்பிப் பார்த்தேன்.
பொடி எழுத்து, நான்கு மொழி:
சாயம், சரிகை, சுருக்கம், கருகல்
எதற்கும் கடை பொறுப்பல்ல.