ஆஷ்ட்ரேக்குப் பின்னால்

நாலாயிரத்து முந்நூறு டாலருக்கு ஈடாக
மச்சாது விட்டுப்போனது இந்த மேக்னா.
சாவியைத் தபால் உறையில் போட்டு
கதவிடுக்கில் செருகிவிட்டு
கால்கூர்லிச் சுரங்கத்துக்குப் பஸ் ஏறிவிட்டான்.
ஏழு வருஷம்.
விற்றால் கணக்கு முடிந்ததாகிவிடும் என்று விற்கவில்லை.
ஓட்டினால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று ஓட்டவில்லை.
வட்டி மாதிரி அதன்மேல் தூசி ஏறுவதைச்
சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வீட்டுக்காரர் வீட்டை விற்கிறார்.
வெள்ளிக்கிழமைக்குள் கார்போர்ட் காலியாக வேண்டும்.
ஓடாத வண்டிக்கு இருநூறு,
ஓடினால் ஆயிரத்து ஐநூறு என்றான்
ஸாலிஸ்பரி பழைய இரும்புக்காரன்.
அந்த ஆயிரத்து முந்நூறுக்காகத்தான்
(சத்தியமாக அதற்காகத்தான்)
ஜூலைக் குளிரில் பானட்டைத் திறந்தேன்.

ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலிக் குடித்தனம்.
சீட்டுப் பஞ்சு, பார்க்கிங் ரசீது,
மச்சாது பெயருக்கு வந்த அபராத நோட்டீஸ்
(அதையும் கட்டியிருக்க மாட்டான்),
எல்லாவற்றையும் பொடியாய்க் கடித்து
மெத்தென்று விரித்திருந்தன.
சக்கர வளைவில் முதுகில் சிவப்புக் கோடு போட்ட சிலந்தி.
அதற்கு ஒரு செருப்பு போதுமானதாக இருந்தது.

டேங்கில் பெட்ரோல் வார்னிஷாகிக் கிடந்தது.
ட்யூபை வாயால் உறிஞ்சித்தான் இறக்கினேன்.
இரண்டு நாள் ஏப்பமெல்லாம் மச்சாது.
பிளக்குகளில் முன்வரிசை மூன்றும் சுலபமாய் வந்தன,
பின்வரிசைக்கு முழங்கைத் தோலைக் கொடுத்தேன்.
காதுவலிக்கு விடுவதுபோல்
ஒவ்வொரு குழியிலும் சொட்டுச் சொட்டாய் எண்ணெய்.
புது பேட்டரி நூற்று எண்பது டாலர்.
கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

சாவியைத் திருப்பினால்
விளக்கெல்லாம் எரிந்தது. மோட்டார் சுற்றியது,
சுற்றியது, சுற்றியது,
பிடிக்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமையும் அதே.
திங்கள் வேலை விட்டு வந்து, அதே.

பின்சீட்டில் காதை வைத்துக் கேட்டேன்.
பெட்ரோல் பம்ப் முனகவே இல்லை.
அப்போதுதான் ஞாபகம் வந்தது
அவனுடைய திருட்டுப் பயம்.
பம்ப்புக்குப் போகிற ஒயரில் எங்கோ
ஒரு சுவிட்ச் ஒளித்திருப்பதாகப் பீற்றிக்கொண்டான் ஒருநாள்.
எங்கே என்று சொல்லவில்லை.
என்னிடம்கூட.

டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாய்க் கிடந்து
இரண்டு மணி நேரம் தடவினேன்.
பிறகு எழுந்து, கையைத் துடைத்து,
அழிக்காமல் வைத்திருந்த எண்ணை அழைத்தேன்.

அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால்.
மூன்றாவது மணியில் எடுத்தான்.
“சுவிட்ச எங்கலே வச்ச?” என்றேன்.
இருமினான். யாரென்று கேட்கவில்லை,
எந்த சுவிட்ச் என்றும் கேட்கவில்லை.
“ஆஷ்ட்ரேய வெளிய இழு. பின்னால கைய விடு.”

சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்தது.
தட்டினேன்.
தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டுபோல்
பம்ப் முனகியது.
சாவியைத் திருப்ப
முதலில் நாலு சிலிண்டர், அப்புறம் ஐந்து,
ஒரு பெரிய தும்மலுக்குப் பிறகு ஆறும்.
துணிக்கொடி வரைக்கும் வெள்ளைப் புகை.
ஹீட்டர் துவாரம் எலியின் மெத்தையை
என் முகத்தில் ஊதியது.
கடிகாரம் பன்னிரண்டு மணி என்றது.

“பெல்ட்டு கத்துதே” என்றான்
இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து.
“லேசா தண்ணி தெளி. அடங்கும்.”
“தெரியும்” என்றேன்.
தெரியாது.

பணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை,
அவனும் பேச்செடுக்கவில்லை.
அணைத்தால் மறுபடி பிடிக்குமோ என்னவோ என்று
எஞ்சினை ஓடவிட்டிருந்தேன்.
போனையும்.
ஊற்றியது ஐந்தே லிட்டர்,
முள் சிவப்பை விட்டு நகரவில்லை.

“நாயகம், சும்மா எரியுதுல்லா. அணைச்சிரு”
என்றான் கடைசியில்.
“நீ வை” என்றேன்.