மீதி ஒன்று

இரவு இரண்டரைக்கு
கிரேன் உச்சியிலிருந்து பந்துல
வோக்கியில் இலக்கங்களைத் துப்புகிறான்:
பஹ, எக்க, பிந்துவ,
திரும்பவும் பஹ, எக்க, பிந்துவ.
கட்டத்துக்குள் அடைத்த சோதனை இலக்கத்தை விடுங்கள்,
510510 என்று எழுதியதும்
பேனா நின்றுவிட்டது.

இதை எனக்குத் தெரியும்.
இரண்டு மூன்று ஐந்து ஏழு
பதினொன்று பதின்மூன்று பதினேழு,
முதல் ஏழு பேரும் ஒரே கூரையில்.
நூற்றிருபத்தெட்டு வகுத்திகள்,
சம்பள நாளில் புறக்கோட்டை மாதிரி நெரிசல்.
714ஐப் பக்கத்து வீட்டு 715ஆல் பெருக்கினாலும்
இதே வாசலில்தான் வந்து நிற்போம்.
மிகை எண்.

யாரிடம் சொல்ல?
சீல் சரியா, துவாரம் உண்டா,
படிவத்துக்கு அவ்வளவுதான் வேண்டும்.
சீல் சரி. இடப்பக்கம் துரு.

அடுத்த பெட்டி.
பஹ, எக்க, பிந்துவ, பஹ, எக்க,
எக்க.

இரண்டால் வகுத்தேன், மீதி ஒன்று.
மூன்றால், ஒன்று. ஐந்தால், ஒன்று.
பதினேழு வரைக்கும் யார் கை நீட்டினாலும்
ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறது,
மட்டக்குளி பஸ் கொண்டக்டர்
இன்றுவரை எனக்குத் தராத மீதிக்காசு.

பள்ளிக்கூடத்தில் முதன்மை எண் என்றார்கள்.
எனக்குப் பகா எண் என்ற பெயர்தான் பிடிக்கும்.
எவர் பங்கு கேட்டாலும் பகாமல்
மழையில் இப்படித் தனியே நிற்பது.
எழுநூற்றுப் பதினாலு வரை தேடினால் போதும்,
தேடவே வேண்டாம் என்றிருந்தது.

பத்தொன்பது.
பத்தொன்பதை ஒருவரும் சந்தேகிப்பதில்லை.
26869 தடவை,
மீதி பிந்துவ.

அதையும் விடவில்லை நான்.
தாளின் பின்பக்கம் நனைய நனைய,
பிளேன்டீ ஆற,
மூன்று லொறி போன பிறகு
தொண்ணூற்றேழு கிடைத்தது.
கூடவே இருநூற்றெழுபத்தேழு.

ஒற்றை எண். பகு எண்.
மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்கம்,
ஒன்றும் இரண்டாம் முறை வரவில்லை.
தன்னை விட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால்
34369.
பங்காளிகள் எல்லாரும் திரண்டு வந்தும்
பதினைந்தில் ஒரு பங்கைத்தான் சற்றே தாண்டுகிறார்கள்.
இப்படிப்பட்டதற்குக் குறை எண் என்று பெயர்.

குடிசனக் கணக்கெடுப்புக்கு வந்த பெண்
இனம் என்ற கட்டத்தில் பேனாவை ஊன்றி
இலங்கைத் தமிழரா இந்தியத் தமிழரா என்றாள்.
அப்பா ஊர்காவற்றுறை, அம்மா அப்புத்தளை,
அம்மாவின் அம்மா நீர்கொழும்பில் சிங்களம் பேசியவள் என்றேன்.
ஒன்றுக்குத்தான் அடையாளம் போடலாம் என்றாள்.
மின்விசிறிக்குக் கீழே
அவளுக்கும் வியர்த்தது, பாவம்.

"ஐசே, நித்திரையா?" பந்துல கத்துகிறான்.
பெட்டி அந்தரத்தில் தொங்குகிறது,
டோர்ச் வெளிச்சத்தில்
கடைசி ஒன்றின் வெள்ளைப் பெயின்ட் மட்டும்
கொஞ்சம் உரிந்து.
இறக்கு என்றேன்.

படிவத்தில் கடைசி நிரல்: குறை.
இல்லை என்று எழுதினேன்.