சிவப்பு நூல் கட்டிய வடிகட்டி

பிடி வளைந்த பழைய தேநீர் வடிகட்டி.
இனி இது சமையலறைக்கு ஆகாது என்பதற்குச்
சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தாள் செண்பகம்.
பத்து நாளாய்
ஒவ்வொரு முறையும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்,
புக்கிட் பாத்தோக் ஒன்பதாம் மாடிக் குளியலறையில்,
ஆற்றில் பொன் அரிக்கிறவனைப் போல.

ஐந்து மில்லிமீட்டராம்.
ஒரு துவரம்பருப்பு.

நான் தூக்கிப் பழகியது நாற்பது டன்.
பாசிர் பாஞ்சாங் துறையில்
இருபத்திரண்டு வருடம் பாரந்தூக்கி ஓட்டுகிறேன்.
காலடியில் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே கப்பல்.
ஏறிவிட்டால் சுலபத்தில் இறங்க முடியாது.
இறங்க முடியாதவன் தண்ணீர் குடிக்க மாட்டான்.
(புட்டியை மேலே கொண்டுபோகிறவர்களும் உண்டு.
எனக்கு அது கூச்சம்.)
குளிர்சாதனக் காற்றில் உதடு வெடித்தாலும்
நாக்கால் நனைத்துக்கொள்வேன்.
உள்ளே சொட்டு வற்றி வற்றி
உப்பளம் கட்டியது யாருக்குத் தெரியும்.

வந்தது ஒரு செவ்வாய், விடிகாலை மூன்றரைக்கு.
முதுகில் தொடங்கி விலாவைச் சுற்றி
அடிவயிற்றுக்கு இறங்கி
ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கியது.
படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை,
மின்தூக்கிக்குள் மண்டிபோட்டேன்.
"மூச்ச விடுங்க, மூச்ச விடுங்க" என்றாள்
இரண்டு பிள்ளை பெற்றவள்.
அன்றைக்கு அவளுக்கு நான் சொன்ன அதே சொல்.
கொஞ்சம் பழிவாங்கினாளோ என்று
எனக்கு இன்னும் சந்தேகம்.

ஜூரோங் அவசரப்பிரிவில்
மியன்மார் தாதி என் பெயரை நாலு துண்டாக்கிக் கூப்பிட்டாள்.
நான்குக்கும் எழுந்து நின்றேன்.

படம் எடுத்தார்கள். டாக்டர் குவெக் திரையைத் திருப்பினார்.
இதோ கல். குழாயில் சிக்கியிருக்கிறது.
மேலே சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, பாருங்கள்.
பார்த்தேன். தெரிந்த காட்சிதான்.
துறைவாயில் ஒரு கப்பல் குறுக்கே நின்றுவிட்டால்
கிழக்கே நங்கூரமிட்ட விளக்குகள்
பெருகிக்கொண்டே போகும்.

பிறகு அவர் விரல்
திரையின் மறுபக்கம் போயிற்று.
அங்கேயே நின்றது.
இங்கே வலிக்கிறதா?
இல்லை.
எப்போதாவது ரத்தம் போனதா?
இல்லை.
"ம்."

அந்த 'ம்'மைத்தான் வாடகைக் காரில்
மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

இன்னொரு படம். மையூசி. கையெழுத்து.
மூன்று சென்டிமீட்டர் என்றார்கள்.
பெரும்பாலும் அதுதான் என்றார்கள்.
சின்னதாய் இருக்கையிலேயே கண்டது அதிர்ஷ்டமாம்.
அடுத்த மாதம் பதினான்காம் தேதி
அந்த ஓரத்தை மட்டும் வெட்டி எடுப்பார்கள்.
மீதி எனக்கே.

நாய் குரைத்தது, விளக்கைப் போட்டோம்,
திருடன் வேறோர் அறையில் உட்கார்ந்திருந்தான்.
நானோ
நாயையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

செண்பகம் தேக்காவுக்குப் போய்
பேரம் பேசி வாழைத்தண்டு வாங்கி வருகிறாள்.
கல்லுக்குச் சாறு பிழிகிறாள்.
மற்றதை அவள் பெயர் சொல்வதில்லை, 'அது' என்கிறாள்.
"அதுக்கும் இது கேக்குமா?" என்று
மிக்ஸி ஓடும்போது கேட்டாள்,
எனக்குக் காதில் விழாது என்று.
விழாத மாதிரியே வாங்கிக் குடித்தேன்.

இன்று விடியுமுன்
'டிக்' என்றது வடிகட்டி.
பழுப்பு நிறம். சுற்றிலும் முள், நெருஞ்சியைப் போல.
உள்ளங்கையில் கனமே இல்லை.
எழுப்பிக் காட்டினேன்.
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
வெகுநேரம் பார்த்தாள்.
"இதுக்கா அவ்வளவு கத்துனீங்க?"

மருத்துவமனை கொடுத்த குப்பியில் போட்டு
மூடியைத் திருகினேன்.
கழுவிய வடிகட்டியை ஆணியில் மாட்டினாள்.
நூலை அவிழ்க்கப் போனவள்
கை நிறுத்தி,
"பதினாலு வரைக்கும் இருக்கட்டும்" என்றாள்.

மணி ஐந்தரை. இன்று ஏற ஏணி இல்லை.
செம்பு நிறையத் தண்ணீர் குடித்தேன்.
பிறகு இன்னொன்று.